குப்பைக்கு ஓரம் தைத்தவர்

என் வீட்டுக்காரர் வேலை செய்யாமல் தூங்குகிறார் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். தூங்குவதுதான் அவர் வேலை. எங்களுடையது மெத்தைக் கடை. பஞ்சு அடித்து, உறைக்குள் திணித்து, நீள ஊசியை இறக்கி முடிச்சுப் போட்டு முடித்ததும் அந்த மெத்தையில் அவர் ஒரு குட்டித் தூக்கமாவது போட்டுப் பார்ப்பார். தூக்கம் வந்தால் மெத்தை விற்பனைக்குப் போகும். வரவில்லை என்றால் பிரித்து மறுபடி பஞ்சு அடிக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் தூக்கம் வராமல் அவர் பிரித்தது ஒரே ஒரு மெத்தையை. அதுவும் உள்ளே என் கத்தரிக்கோல் மாட்டிக்கொண்டதால்.

நாளெல்லாம் தூங்கி எழுந்து, எழுந்து தூங்கி, அவருக்குக் கொட்டாவி நிற்கவே நிற்காது. தெருவில் அவருக்குப் பெயரே கொட்டாவிதான். முகத்துக்கு நேரே மரியாதை சேர்த்துக் கொட்டாவியார் என்பார்கள். அவர் வருத்தப்பட்டதில்லை. “நம்ம தொழிலுக்கு இதைவிட நல்ல விளம்பரம் உண்டா?” என்பார். அவர் ஒரு கொட்டாவி விட்டால் எதிரில் நிற்பவரும் விட்டாக வேண்டும். விலை பேச வந்தவர்கள் பாதிப் பேச்சில் வாயைப் பிளந்து, கண்ணில் நீர் கட்டி, பேச வந்ததை மறந்து நிற்பார்கள். நான் அந்த நேரம் பார்த்து மெத்தையைச் சுருட்டிக் கட்டிவிடுவேன். வியாபாரத்தில் என் பங்கு அது. உறை தைப்பதும் நான்தான்.

அவர் தூங்குவது கடைக்குள்ளே அல்ல. கடைக்குத் தகரக் கூரை. வெயில் காலத்தில் அதற்கடியில் படுத்தால் ஆள் வெந்துபோவான். வாசலில் தெருவை ஒட்டி ஒரு பெரிய மரம் நிற்கிறது. அதன் நிழலில் கட்டிலைப் போட்டு, மெத்தையை விரித்து, வாங்க வந்தவர்களைப் படுத்துப் பார்க்கச் சொல்வோம். படுத்தவர்கள் வாங்காமல் எழுந்ததில்லை. இதில் மெத்தையின் பெருமை பாதி, மரத்தின் பெருமை பாதி. மரத்தின் பங்கு கொஞ்சம் கூடுதல் என்று நான் சொன்னால் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஆனால் மரம் போனால் கடையும் போகும் என்று அவருக்கும் தெரியும். அதற்கும் மேலே, அந்த மரத்தின் மீது அவருக்கு ஆசை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் என் முகத்தைப் பார்க்கிறாரோ இல்லையோ, மரத்தை அண்ணாந்து பார்ப்பார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது.

இவ்வளவு நல்ல மரத்துக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். குளிர் தொடங்கும்போது இருக்கிற இலை முழுவதையும் உதிர்த்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, நாசூக்காக உதிர்க்கத் தெரியாது. மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவது போலக் கொட்டும். எங்கள் வாசலோடு நின்றால் பரவாயில்லை. காற்று என்று ஒன்று இருக்கிறதே, அது எல்லா வீட்டுக்கும் பாரபட்சம் இல்லாமல் பங்கு வைக்கும்.

எதிர்வீட்டில் தெருச் சங்கத்தின் செயலாளர் இருந்தார். வயதானவர், தனியாள். மனைவி தவறிப்போன பிறகு சட்டம் பேசுவதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்டவர். சங்க விதிகளைக் கரைத்துக் குடித்திருந்தார். அவரிடம் இலை ஊதுகிற மெஷின் ஒன்று உண்டு. காலையில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, விமானம் கிளம்புகிற சத்தத்தோடு தன் வாசல் இலையை எல்லாம் பக்கத்து வாசலுக்கு ஊதுவார். அது பல் டாக்டரம்மாவின் வீடு. கீழே க்ளினிக், மாடியில் குடித்தனம். அந்த அம்மா துடைப்பத்தை எடுத்து இலையை எங்கள் பக்கம் தள்ளுவார். நான் அதை அப்படியே செயலாளர் வாசலுக்குத் தள்ளுவேன். ஒரே இலை தெருவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும். சில இலைகள் எனக்கு முகம் தெரியும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டன.

பொறுமை போய் ஒரு நாள் செயலாளர் இலையைக் குவித்துக் கொளுத்தினார். புகை நேராக க்ளினிக்குக்குள் போனது. அங்கே நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்திருந்தார். வாயை மூடவும் முடியாமல், இருமாமல் இருக்கவும் முடியாமல் தவித்து, கடைசியில் டாக்டரம்மாவின் விரலைக் கடித்துவிட்டார். டாக்டரம்மா விரலில் கட்டோடு வந்து செயலாளரைப் பிடி பிடியென்று பிடித்தார். அத்தோடு கொளுத்துவது நின்றது. குப்பை வண்டிக்காரரோ இலையை ஏற்றவே மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். வண்டி நிறையக் காற்றையா ஏற்றிக்கொண்டு போவேன் என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அப்புறம் வந்தது ஒரு பெருமழை. இலை போய் வடிகாலை அடைத்துக்கொண்டது. தண்ணீர் வேறு வழி தெரியாமல் செயலாளர் வீட்டுக்குள் நுழைந்தது. அவர் எழுந்து பார்த்தபோது ஹாலில் நாற்காலிகள் மிதந்து மிதந்து ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டிருந்தனவாம். நியாயமாகப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும்.

மழை விட்டதும் க்ளினிக்கில் சங்கக் கூட்டம் கூடியது. என் வீட்டுக்காரர் மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்தார், உடனே தூங்கிவிட்டார். செயலாளர் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். வடிகால் பற்றி, நாற்காலிகள் பற்றி, விதி எண்கள் பற்றி. எல்லாவற்றுக்கும் இவர் குறட்டைதான் பதில். கடைசியில் செயலாளர், “மரத்தை வெட்டறதைத் தவிர வேற வழியில்லை” என்றார். வெட்டு என்கிற சொல் காதில் விழுந்ததும் என் வீட்டுக்காரர் தேள் கொட்டியது போல எழுந்து நின்றார்.

“இலைதானே பிரச்சினை? இலை பூரா என்னுது. ஒண்ணு விடாம நானே எடுத்துக்கறேன்.”

“எடுத்து என்ன பண்ணுவீங்க?” என்றார் செயலாளர்.

அவ்வளவு தூரம் அவர் யோசித்திருக்கவில்லை. ஒரு கொட்டாவி விட்டார். அறை முழுவதும் கொட்டாவி விட்டது.

“எரிக்கக் கூடாது” என்றார் டாக்டரம்மா, வாயைப் பொத்திக்கொண்டு.

“வேற தெருவுல கொண்டுபோய்க் கொட்டவும் கூடாது” என்றார் செயலாளர். “விதி இருக்கு.”

“ரெண்டும் பண்ண மாட்டேன் சார். துளிர் விடற வரைக்கும் பாருங்க. வடிகால்ல ஒரு இலை கிடந்தாலும் ரம்பத்தோட ஆளைக் கூட்டிட்டு வாங்க. நானே ஒரு பக்கம் பிடிக்கறேன்.”

செயலாளர் அதைக் கூட்டத்தில் பதிவு செய்ததோடு நிற்காமல், துளிர் விடுகிற சமயத்துக்கு வரச் சொல்லி மரம் அறுப்பவரிடம் அப்போதே பேசியும் வைத்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் நான் ஒன்றுதான் கேட்டேன்.

“ஏங்க, இத்தனை இலையையும் பொறுக்கப்போறது யாரு?”

“நாமதான்.”

“நாமன்னா யாரு?”

அவர் நடந்துகொண்டே தூங்குவது போல் பாவனை செய்தார்.

என் தங்கை நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். “அக்கா, இலையைப் போய்க் குப்பைங்கறீங்களே” என்று ஆரம்பித்தாள். “கொஞ்சத்தை மரத்தடியிலேயே பரப்பி விடுங்க. வேருக்குக் குளிராது, ஈரமும் காயாது. மிச்சத்தை மூட்டையில அமுக்கித் தண்ணி தெளிச்சு, அங்கங்க ஓட்டை போட்டு வச்சிடுங்க. தானா மக்கி உரமாயிடும். சீக்கிரம் ஆகணும்னா வெட்டின புல்லு, காய்கறித் தோலு, காபிச் சக்கை எல்லாம் கலந்து விடுங்க. உள்ளே சூடு ஏறும். சூடு ஏறுச்சுன்னா வேலை நடக்குதுன்னு அர்த்தம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். ஆனா அத்தான்கிட்ட பார்த்துச் சொல்லுங்க. அவர் எதையும் அதோட விட மாட்டாரு.”

பார்த்துத்தான் சொன்னேன். என்ன பிரயோஜனம்? மரத்தடியில் பரப்பி விடுங்கள் என்றால் பரப்பிவிட்டு வரவேண்டியதுதானே. இவர் குழந்தைக்குப் போர்த்துவது போல வேரைச் சுற்றி இலையைப் பரப்பி, தட்டிச் சமன் செய்து, ஓரத்தை உள்ளே செருகி, காற்று கலைத்துவிடாமல் மேலே பழைய வலையைப் போட்டு நாலு பக்கமும் கல் வைத்தார். தலையணை ஒன்றுதான் பாக்கி.

அடுத்தது, இலையைத் தூளாக்கினால் சீக்கிரம் மக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே பஞ்சு அடிக்கிற மெஷினில் இலையைப் போட்டார். பொடிப்பொடியாக வந்தது, நன்றாகத்தான் வந்தது. மறுநாள் அதே மெஷினில் டாக்டரம்மா வீட்டு மெத்தைக்குப் பஞ்சும் அடித்தார். அந்த மெத்தையில் புரண்டு படுத்தால் பக்கத்தில் யாரோ காகிதம் கசக்குவது போல சத்தம் வருகிறது என்று டாக்டரம்மா வந்து நின்றார். பிரித்துப் பார்த்தால் பஞ்சுக்கு இணையாக இலை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதோடு இலைக்கும் அந்த மெஷினுக்கும் சம்பந்தம் இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

மூட்டைதான் மிச்சமிருந்த வழி. இருந்த சாக்குகளில் இலையையும் புல்லையும் கலந்து அமுக்கினோம். சாக்கு தீர்ந்தது, இலை தீரவில்லை. அப்போது அவர் கண் கடையில் கிடந்த பழைய மெத்தை உறைகள் மீது போனது. நான் கடைக்குள் போய் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வருவதற்குள் ஓர் உறையில் இலையை நிரப்பி, நடுநடுவே ஊசி இறக்கி முடிச்சுப் போட்டு, ஓரம் தைத்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, குப்பைக்கு எதுக்குங்க ஓரத் தையல்?”

“தைக்கலைன்னா மூலை சப்பிப்போயிடும்.”

“சப்பினா என்ன? குப்பைதானே?”

“நம்ம கடையில இருந்து வெளியே போறது மூலை சப்பி இருந்தா யாரு பேரு கெடும்?”

“வெளியே எங்கே போகுது? இங்கேயே கிடந்து மக்கத்தானே போகுது?”

“மக்கறதும் ஒழுங்கா மக்கட்டுமே” என்றார்.

அவரை என்ன செய்வது? கை வந்த தொழில் அப்படி. உருவம் இல்லாமல் எதையும் விட அவருக்கு மனசு வராது. மழை இறங்காமல் இருக்க மேல்பக்கம் ரெக்சின் போட்டார். அடியில் துணி, அதில் ஊசியால் வரிசை வரிசையாக ஓட்டை. ஒவ்வொன்றும் சாதாரண மெத்தையைப்போல் இரண்டு மடங்கு கனம். தினமும் நாங்கள் தெரு முழுவதும் கூட்டி வாருவோம். இவர் தைத்து அடுக்குவார். கடைசியில் வாசலில் வரிசையாக நின்றவை எங்கள் கடையில் இதுவரை செய்ததிலேயே அழகான மெத்தைகள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று விலை கேட்டார்கள். என் பஞ்சு மெத்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இனி நடந்தது அவர் பழக்கத்தால் வந்த வினை. மெத்தை என்று ஒன்றை முடித்தால் அதில் படுத்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. உள்ளே இருப்பது இலையா பஞ்சா என்றெல்லாம் உடம்பு பார்க்குமா? படுத்தார். சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

“இங்கே வந்து கையை வச்சுப் பாரு.”

வைத்துப் பார்த்தேன். ரெக்சின் மேலே காய்ந்துதான் இருந்தது. ஆனால் உள்ளிருந்து இதமாகச் சூடு வந்துகொண்டிருந்தது. அடுப்புச் சூடு இல்லை, வெயில் சூடு இல்லை. பூனை மடியில் படுத்தால் வருமே, அந்த மாதிரி. வெளியே ஊதல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து இவரை அந்தக் குப்பை மேலிருந்து எழுப்ப நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

செயலாளர் தினமும் காலையில் கைத்தடியோடு வந்து வடிகாலைக் குத்திப் பார்ப்பார். ஓர் இலையும் இருக்காது. ஏமாற்றத்தோடு போவார். ஒரு நாள் அப்படித் திரும்பும்போது என் வீட்டுக்காரர் இலை மெத்தை மேல் வாயைத் திறந்துகொண்டு உறங்குவதைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றெரிச்சல் வரும். கிட்டே வந்து மெத்தையின் மூலையை அமுக்கினார். கையை எடுக்கவில்லை.

“இது என்ன, சூடா இருக்கு?” என்றார்.

இவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். “குப்பை சார்.”

“விளையாடாதீங்க. எனக்கு முதுகு வலி. நான் கொஞ்சம் படுத்துப் பார்க்கறேன்.”

படுத்தார். கண்ணை மூடினார். கைத்தடி கீழே விழுந்தது. வெகுநேரம் கழித்து எழுந்தவர், “இதை எனக்குக் குடுங்க” என்றார்.

“ஐயோ சார், நிஜமாவே குப்பை. உங்க வாசல் இலைதான் உள்ளே இருக்கு.”

“வேற யாருக்கோ சொல்லி வச்சிருக்கீங்க. அதனால எனக்குக் குப்பைன்னு காதுல பூ சுத்தறீங்க.”

“சத்தியமா சார். நீங்களே அடியில இருக்கற ஓட்டையில மோந்து பாருங்க.”

செயலாளர் முகர்ந்து பார்த்தார். “மூலிகை வாசம்” என்றார்.

உண்மையைச் சொன்னால் உலகம் நம்புவதில்லை. நானும் குறுக்கே புகுந்து எவ்வளவோ சொன்னேன். புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டு சரக்கை ஒளிக்கிறோம் என்று இன்னும் உறுதியாகிவிட்டது அவருக்கு. ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு ஒன்றைப் பார்த்து அவரே எடுத்தார். காசு வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் கும்பிடாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஏதோ உயர்ந்த சரக்கு என்று அவருக்கு ஆசை கூடியது. இருவருமாக வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டுபோய் அவர் வீட்டில் இறக்கினார்கள்.

“என்ன இந்தக் கனம் கனக்குது?”

“ஈரம் சார்.”

“தரமான சரக்கு கனக்கத்தான் செய்யும்” என்றாராம் செயலாளர்.

அன்றிலிருந்து எதிர்வீட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் நான் எட்டிப் பார்த்தேன். மரத்தை வெட்டலாமா வேண்டாமா என்று சொல்லப்போகிற மனிதரை நாங்கள் குப்பை மேல் படுக்க வைத்திருக்கிறோம். அது மக்கி, நாறி, புழு வைத்து, ஒரு நாள் குட்டு உடையும்போது வடிகால் சுத்தமாக இருந்து என்ன, கண்ணாடி போல இருந்து என்ன? ஆனால் செயலாளரோ ஆளே மாறிப்போனார். மெஷினால் ஊதுவதை விட்டார். காலையில் தாமதமாக எழுந்து, சவரம் செய்துகொண்டு, மடிப்புக் கலையாத சட்டையோடு வெளியே வந்து எனக்கு வணக்கம் வேறு சொன்னார். அவர் திட்டியபோதுகூட நான் இவ்வளவு பயந்ததில்லை.

“போய்ச் சொல்லி அந்த மெத்தையைத் திருப்பி வாங்கிட்டு வாங்க” என்று இவரை நச்சரித்தேன்.

“சொல்லாம என்ன? முதல் நாளே சொல்லிட்டேனே” என்று திரும்பிப் படுத்தார்.

குளிர் குறைந்தது. கிளை நுனிகளில் பச்சை பச்சையாகப் புள்ளி வைத்தது. சொன்னபடி சங்கத்தார் ஒரு காலையில் மரத்தடியில் கூடினார்கள். டாக்டரம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. க்ளினிக்கிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை எடுத்து வந்து, வடிகால் கம்பிக்கு நடுவே விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சொத்தை எதுவும் இல்லை” என்றார். மரம் அறுப்பவரும் ரம்பத்தோடு வந்துவிட்டார். செயலாளர் வருகிற வரைக்கும் உட்காருங்கள் என்று என் வீட்டுக்காரர் அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, எதிரில் நின்று ஒரு கொட்டாவி விட்டார். அவர் சாய்ந்தார். அடுத்த நிமிஷம் குறட்டை. எங்கள் கடையில் இதுவரை வேண்டுமென்றே விட்ட கொட்டாவி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் செயலாளர் வரவில்லை. அவர் சொல்லாமல் எதுவும் தீர்மானம் ஆகாது. வெகுநேரம் காத்திருந்துவிட்டு டாக்டரம்மா, “என்னன்னு பார்த்துட்டு வருவோம்” என்றார். குட்டு உடைந்துவிட்டது, அதுதான் மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு கொதித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். மூன்று பேரும் போய்க் கதவைத் தட்டினோம்.

திறந்தவர் முகம் வாடியிருந்தது. சவரம் இல்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்ததும், “உங்களைத்தான் கூப்பிட்டு விடலாம்னு இருந்தேன்” என்றார். “உங்க மெத்தை ஆறிப்போச்சு.”

“குப்பை சார். ஆறத்தான் செய்யும்” என்றார் இவர். இந்த மனிதருக்கு எப்போது எதைச் சொல்வது என்று கிடையாது. நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன்.

“வந்து பாருங்க” என்று செயலாளர் உள்ளே போனார்.

படுக்கையறையில் மழைக்குப் பிந்தைய தோட்டத்தின் வாசனை. இரட்டைக் கட்டில் ஒன்று கிடந்தது. அதன் ஒரு பாதியில் அவருடைய பழைய பஞ்சு மெத்தை. ஆள் படுத்துப் படுத்து நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. மறுபாதியில் எங்கள் இலை மெத்தை. பாதி உயரத்துக்கு அமுங்கி, சோர்ந்து போய்க் கிடந்தது. அதன் மேல் வெளுத்த விரிப்பு ஒன்றைச் சுருக்கம் இல்லாமல் விரித்து, தலைமாட்டில் தலையணையும் வைத்திருந்தார். காலடி மூலையில் தையலைப் பிளந்துகொண்டு காளான்கள் குடை பிடித்திருந்தன. அவற்றைப் பிடுங்காமல் விரிப்பைத்தான் கொஞ்சம் ஒதுக்கிவிட்டிருந்தார்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மெத்தையைப் பார்த்தால் அதில் ஆள் படுத்திருக்கிறாரா இல்லையா என்று அவருக்குத் தெரியும்.

“சார், முதுகுக்குன்னுதானே வாங்கினீங்க? இதுல நீங்க படுக்கவே இல்லையே.”

செயலாளர் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

“அது அவ பக்கம்” என்றார். “நான் எப்பவும் இந்தப் பக்கம்தான். கையை மட்டும் அது மேல வச்சுப்பேன். இத்தனை நாளா அந்தப் பக்கம் சில்லுனு கிடந்துச்சு. உங்களது வந்தப்புறம் சூடா இருந்துச்சு. பக்கத்துல ஆள் இருக்கற மாதிரி.”

சிரித்ததற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதருக்கு எதிராக எத்தனை காலைகள் துடைப்பத்தை ஓங்கியிருக்கிறேன்.

“குப்பைன்னு எனக்கும் தெரியும்” என்று அவரே தொடர்ந்தார். “கொஞ்ச நாள்லயே ஒரு மண்புழு எட்டிப் பார்த்துச்சு. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். இப்பதான் ரெண்டு மூணு நாளா ஆறிப்போச்சு. தூக்கமே இல்லை.” பிறகு, விதி பேசுபவர் போல இல்லாமல், கடையில் ஒரு சாமான் இருக்கிறதா என்று தயங்கிக் கேட்பவர் போல, “திரும்பச் சூடு வருமா?” என்றார்.

என் வீட்டுக்காரர் குனிந்து, காளான் பிளந்த தையலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். “வரும் சார். பிரிச்சுக் கிளறிவிட்டு, பச்சையா காய்கறித் தோல் எல்லாம் கலந்தா வரும். ஆனா கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் மண்ணாயிடும்.”

“மண்ணாயிடும்னு தெரியும்” என்றார் செயலாளர். “கொஞ்ச நாள் போதும்.”

பிறகு ஜன்னல் வழியே எட்டி, கட்டிலில் ரம்பத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிற ஆளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “டாக்டர், அவரை எழுப்பிப் போகச் சொல்லிடுங்க. இலை விழுதுங்கறதுக்காக மரத்தை வெட்டணும்னு எந்த விதியிலயும் இல்லை. நான் பூராத்தையும் தேடிப் பார்த்துட்டேன்.”

டாக்டரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்து, தான் தைத்த ஓரத் தையலை ஒவ்வொன்றாக அறுக்க ஆரம்பித்தார். செயலாளர் தலையணையை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். அன்று நறுக்கிய கேரட் தோல், உருளைக்கிழங்குத் தோல், காபிச் சக்கை எல்லாவற்றையும் வாளியில் போட்டேன். அடி மட்டும்தான் நிறைந்தது. இவ்வளவு போதுமா என்று தோன்றியது. கூடையில் இருந்த முழு முட்டைக்கோஸை எடுத்துப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டேன். அப்புறம் கேரட்டையும். அப்புறம் பீன்ஸையும். அன்று எங்கள் வீட்டில் சமைக்க ஒன்றும் மிஞ்சவில்லை.